வெண்காரம் விற்ற வீரக்கதை

கதையைக் கேட்குமுன், கதைக்குக் கூலி கொடுப்பவன் யார் என்று கேள்! பகுத்தறிவின் பாலபாடம் இது. புராணத்தைப் பார்த்து மட்டுமன்று, தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தும் இக்கேள்வியை எழுப்பியாக வேண்டும் என்கிறோம் நாம். சான்று வேண்டுவோர் அமெரிக்காவைக் காண்க.

1930-இல் வானொலியில் பிறந்து, 1952 முதல் 1970 வரை தொலைக்காட்சியில் பவனி வந்தது 'டெத் வேலி டேஸ்' என்னும் தொடர். மரணப் பள்ளத்தாக்கின் பெயர் தாங்கியது. வாரம் ஒரு கதை, கதைதோறும் புது மாந்தர். அத்தனையும் உண்மை நிகழ்ச்சிகளை ஒட்டியவை என்ற முத்திரை வேறு! மேற்கே குடியேறியோரின் தீரம் கண்டு பார்த்தவர் உள்ளம் உருகிற்று. பணம் போட்டவரோ கலைக்கழகத்தாருமல்லர், வரலாற்றுப் பேராசிரியருமல்லர். பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் கம்பெனியார், வெண்கார வணிகர்! வானொலிக்கென அதைப் படைத்த ரூத் உட்மன் அம்மையார் விளம்பர நிறுவனமொன்றில் பணிபுரிந்தவர். வரலாறும் சலவைத்தூளும் ஒரே கடையில்!

கம்பெனியின் சின்னம், 20 கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி. 1883 முதல் 1889 வரை, பாலைவெயிலில் 165 மைல் கடந்து, மொஹாவே இரயிலடிக்கு வெண்காரம் ஏற்றிச் சென்ற வண்டி. 20-ம் கோவேறு கழுதைகளா? இல்லை! 18 கோவேறு கழுதைகள், 2 குதிரைகள். சின்னத்திலேயே கணக்குப் பிசகு!

அது கிடக்கட்டும். அந்த வெண்காரத்தைத் தரையிலிருந்து சுரண்டி எடுத்த கை யாருடையது? ஹார்மனி வெண்கார ஆலையின் சீனத் தொழிலாளருடையது. நாட்கூலி 1 டாலர் 30 சென்ட். உணவுக்கும் உறைவிடத்துக்கும் அதிலேயே பிடித்தம். சீனத் தொழிலாளர் உள்ளே நுழையாதவாறு 1882-இலேயே சட்டமியற்றிய நாடு அது! அப்பள்ளத்தாக்கையே தாயகமாகக் கொண்ட திம்பிஷா ஷோஷோனி மக்களுக்கோ, மண்ணில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சட்டம் வந்தது 2000-ஆம் ஆண்டில். பெட்டியின்மேல் கழுதைக்கு இடமுண்டு. கை தேய உழைத்தவனுக்கு இல்லை!

1964, 65-இல் இத்தொடரின் கதைகளை அறிமுகம் செய்தவர் நடிகர் ரொனால்ட் ரீகன். கதையைச் சொன்ன வாயாலேயே கம்பெனியின் கைகழுவும் தூளையும் புகழ்ந்தார். 1967-இல் கலிபோர்னிய ஆளுநர். 1981-இல் குடியரசுத் தலைவர். நடிகர் நாடாள்வதை நாம் குறை கூறவில்லை. கதைக்கும் கடைச்சரக்குக்கும் குரல் ஒன்றானபின், எது உண்மை, எது விளம்பரம் என்று பார்ப்பவன் எப்படிப் பிரித்தறிவான்? அதுவே நம் கேள்வி.

விளம்பரதாரர் இன்றேல் கதையே ஏது என்பர் சிலர். பணம் தரட்டும்; வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால், பணம் தந்தவன் தன் சரக்கின் பிறப்பையே வீரகாவியமாக்கி, அதை நாட்டின் வரலாறென்று நம்மிடம் நீட்டும்போது, வாய் மூடி வாங்கிக்கொள்வதா?

தோழர்களே! மன்னன் பொன் கொடுத்தான், புலவன் பரணி பாடினான். வணிகன் பணம் கொடுத்தான், பெட்டி பாடிற்று. மேடை மாறிற்று, முறை மாறவில்லை. பாட்டை இரசியுங்கள், தடையில்லை. பாட்டில் பெயர் விடுபட்டவன் யார் என்று கேட்க மட்டும் மறவாதீர்!