மேட்ச் இல்லை என்றால் சம்பளமும் இல்லையா? – பெங்களூரு எஃப்.சி. நிர்வாகத்துக்கு ரசிகர் சங்கத்தின் கண்டன அறிக்கை

பெங்களூரு, ஆகஸ்ட் 2025

இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த சீசன் நடக்குமா என்று தெரியாததால், முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை பெங்களூரு எஃப்.சி. கிளப் அறிவித்தது. மிகக் கடினமான முடிவு என்று நிர்வாகம் சொல்கிறது. எத்தனை கடினமாக இருந்தாலும் இது தவறான முடிவு. கிளப்பின் உரிமையாளரான ஜேஎஸ்டபிள்யூ குழுமத்தையும், தொடக்கம் முதல் கிளப்பின் முகமாக இருந்துவரும் பார்த் ஜிந்தாலையும் எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

அல்சூர், கவுதமபுரம், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, சிவாஜிநகர் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் கால்பந்து ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. எங்களில் ஆட்டோ ஓட்டுபவர்கள் உண்டு, ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் உண்டு, ரிட்டயர் ஆன தொழிற்சாலைத் தொழிலாளர்கள் உண்டு. தெருமுனையில் பீலேவுக்குச் சிலை வைத்த கவுதமபுரத்துக்காரர்களுக்குக் கால்பந்து எங்கிருந்தோ வந்த விளையாட்டு கிடையாது. 1937-லும் 1938-லும் ரோவர்ஸ் கோப்பையை வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் இந்த ஊர் அணி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது. அவர் மைசூர் அணியில் ஆடியவர். 54 வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2023 மார்ச்சில் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையை வென்ற இரவு எங்கள் தெருக்களில் பட்டாசு வெடித்தது. 2013-ல் ஜேஎஸ்டபிள்யூ இங்கே கிளப் தொடங்கியபோது அவர்கள் வந்து இறங்கியது வெறும் நிலத்தில் இல்லை, ஏற்கனவே உழுது வைத்திருந்த வயலில்.

அவர்கள் செய்த நல்லதை மறைத்துவிட்டுப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம். 2016 அக்டோபர் 19 அன்று நம் கண்டீரவா மைதானத்தில், நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை 3–1 என்று வென்று ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போனோம். அதற்கு முன் எந்த இந்திய கிளப்பும் அந்தப் படியை ஏறியதில்லை. 2018–19-ல் ஐ.எஸ்.எல். பட்டம், 2022-ல் டுராண்ட் கோப்பை. வீரர்களைத் தொழில்முறையில் நடத்துவது எப்படி என்று நாட்டுக்கே காட்டிய கிளப் என்று மற்ற ஊர் ரசிகர்களிடம் நாங்களே பெருமை பேசியிருக்கிறோம். பெருமை பேசிய அதே வாயால் இன்று இந்த அறிக்கையைப் படிக்க வேண்டியிருக்கிறது.

கடந்த ஏப்ரல் 12-ஐ நினைத்துப் பாருங்கள். கொல்கத்தா சால்ட் லேக்கில் ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. அதற்குச் சில நாள் முன்புதான், அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், கோவா மண்ணில் 90 நிமிடம் தாண்டிய பிறகு நம் முன்கள வீரர் சேத்ரி தலையால் முட்டிய பந்து வலைக்குள் போய் நம்மை இறுதிக்குக் கொண்டு சேர்த்தது. இறுதியில் மோகன் பகானிடம் கூடுதல் நேரத்தில் 2–1 என்று தோற்றோம். தோற்றும் தலை நிமிர்ந்துதான் ரயிலேறினோம். அந்த சீசனில் மட்டும் சேத்ரி 14 கோல் அடித்தார். ஆகஸ்ட் 3 அன்று அவருக்கு 41 வயது நிறைந்தது. மறுநாள் இந்த அறிவிப்பு. இறுதிப் போட்டி முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

லீக் ஏன் தொங்கலில் நிற்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-ல் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்குத் தாரை வார்த்த ஒப்பந்தம் இந்த டிசம்பர் 8-ஆம் தேதி காலாவதி ஆகிறது. ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் சம்மேளனத்துக்குக் கொடுத்து லீக்கை நடத்தி வந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம், டிசம்பருக்குப் பிறகு என்ன என்று தெரியாமல் சீசனைத் தொடங்க முடியாது என்று ஜூலை 11 அன்று கை விரித்துவிட்டது. சம்மேளனத்தின் சட்டவிதி வழக்கோ உச்ச நீதிமன்றத்தில். 15 வருடம் கழித்து இந்தத் தேதி வரும் என்பது கையெழுத்துப் போட்ட நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். கடைசி ஆறு மாதம் வரை விட்டுவைத்தது கல்யாண் சௌபே தலைமையிலான சம்மேளனத்தின் பொறுப்பின்மை. அதையும் இந்த அறிக்கையிலேயே கண்டிக்கிறோம்.

ஆனால் ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவர் வயிற்றில் அடிப்பது எந்த நியாயம்? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டவர் யார்? அணியின் மசாஜ் செய்பவரா? ஜெர்சி துவைத்து மடித்து வைப்பவரா? பேருந்தில் பொருள் ஏற்றுபவரா? கண்டீரவாவில் மேட்ச் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் பாதி அணைந்திருக்கும். ஊழியர் ஒருவர் குனிந்து குனிந்து பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். இன்னொருவர் பந்துகளை எண்ணி வலைப்பையில் திணிப்பார். ஒன்று குறைந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய்த் தேடுவார். ஜெயித்த நாளிலும் தோற்ற நாளிலும் அவர்களுக்கு வேலை ஒன்றுதான். அறிவிப்பில் 'ஊழியர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பவர்களுக்கு மாதம் பிறந்தால் வாடகை, பள்ளிக் கட்டணம், கேஸ் சிலிண்டர் எல்லாம் வரிசையில் நிற்கும். பெரிய சம்பளம் வாங்கும் வெளிநாட்டு வீரர் ஒன்றிரண்டு மாதம் சமாளிப்பார். இவர்கள் எதைக் கொண்டு சமாளிப்பார்கள்?

மேட்ச் இல்லை, வருமானம் இல்லை, சம்பளம் எங்கிருந்து வரும் என்று சிலர் நிர்வாகத்துக்காக வாதாடுகிறார்கள். ஐ.எஸ்.எல். கிளப்புகள் டிக்கெட் பணத்தில் ஓடுவதில்லை. நஷ்டத்தை உரிமையாளர்தான் வருடா வருடம் ஈடுகட்டுகிறார் என்பது ஊரறிந்த விஷயம். நாட்டின் முன்னணி எஃகு உற்பத்தியாளர்களில் ஒருவரான குழுமத்துக்கு ஒரு கால்பந்து அணியின் சில மாதச் சம்பளம் தாங்க முடியாத பாரம் என்றால் நம்புவதற்கு நாங்கள் தயாரில்லை. இதே குழுமம் ஐ.பி.எல்.லில் டெல்லி கேப்பிடல்ஸ் அணியின் பங்குதாரர். கடந்த மே 8 அன்று தர்மசாலாவில் டெல்லி ஆடிக்கொண்டிருந்த மேட்ச் பாதியில் நின்றது. போர்ப் பதற்றத்தில் ஐ.பி.எல். முழுவதுமே நிறுத்தப்பட்டது. எப்போது தொடங்கும் என்று அந்த ராத்திரி யாருக்கும் தெரியாது. மறுநாளே கிரிக்கெட் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியதாக நாங்கள் கேள்விப்படவில்லை. அங்கே தடை ஒரு வாரத்தில் நீங்கியது, இங்கே முடிவு தெரியவில்லை, இரண்டும் ஒன்றல்லதான். என்றாலும் கால்பந்துக்காரன் என்றால் முதலில் அவன் தட்டில் கை வைக்கலாம் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது?

ஒப்பந்தம் என்பது இருவருக்கும் பொது. வீரர் ஒரு நாள் பயிற்சிக்கு வராவிட்டால் அபராதம் போடுகிறீர்கள். நீங்கள் தரவேண்டிய பணத்தைத் தராவிட்டால்? உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். அதாவது இந்த முடிவு நீடித்தால், பன்னிரண்டு வருடமாகக் கட்டிய அணியை நிர்வாகமே தன் கையால் கலைத்ததாக ஆகும்.

எங்கள் பயமே அதுதான். முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011-ல் மூடப்பட்டது. 2005–06-ல் தேசிய லீக் சாம்பியனான மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. இரண்டும் பெரிய தொழில் குடும்பங்கள் நடத்தியவை. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், இந்த ஊரில் ஒரு தொழிற்சாலை அணிக்கு லெஃப்ட் விங் ஆடியவர், அணி கலைக்கப்பட்டதை கேண்டீன் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சாயங்காலம் ப்ராக்டீஸுக்குச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த பூட்ஸை அதிலேயே திரும்பச் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாராம். முந்தின நாள்தான் அதற்கு மெழுகு தேய்த்து வைத்திருந்தார். ஆகஸ்ட் 4 அறிவிப்பை ஒரு இளைஞர் தன் போனில் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி படித்துவிட்டு, "தம்பி, இதுவும் நோட்டீஸ்தான்" என்றார்.

ஆண்கள், பெண்கள் இளையோர் அணிகள், கால்பந்துப் பள்ளிகள் எதற்கும் பாதிப்பு வராது என்று நிர்வாகம் சொல்லியிருப்பதை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்து ஓடி வருகிறார்கள்? முதல் அணியின் நீல ஜெர்சியைப் பார்த்துத்தானே. கவுதமபுரம் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு மகனைக் கொண்டுவந்து விடும் அப்பாவிடமிருந்து, "பெரிய கிளப்பிலேயே சம்பளம் நின்றுவிட்டதாமே, நான் இவனை எதை நம்பி அனுப்ப?" என்ற கேள்வியை இந்த வாரம் மட்டும் எங்கள் பயிற்சியாளர்கள் பல முறை கேட்டுவிட்டார்கள்.

இது பெங்களூரோடு நிற்கவும் இல்லை. சென்னையின் எஃப்.சி.யும் அடுத்த சில நாளில் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்துவிட்டது. சென்னை ரசிகர்களோடு மைதானத்தில் எங்களுக்குத் தீராத சண்டை உண்டு. இந்த விஷயத்தில் அவர்கள் தோளோடு தோள் நிற்போம். கேரளத்தில் மஞ்சப்படா என்ற ரசிகர் அமைப்பினர் கடந்த சீசனில் தங்கள் கிளப் நிர்வாகத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது அதை அவர்கள் வீட்டுச் சண்டையாக நினைத்து வேடிக்கை பார்த்தோம். அது எங்கள் தவறு.

கிளப்பின் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிளப் என்பது பட்டாவில் எழுதிய நிலம் மட்டுமா? ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. லண்டன் விம்பிள்டன் அணியை வேறு ஊருக்குத் தூக்கிப் போக 2002-ல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் சொந்தமாக ஒரு கிளப் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஆடி மேலே வந்தார்கள். நாங்கள் அந்த அளவுக்குப் போக விரும்பவில்லை. எங்களோடு பேசுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எனவே எங்கள் சங்கம் கோருவது இது. வீரர் அல்லாத ஊழியர்களுக்கு நிறுத்திய சம்பளத்தை உடனே, பாக்கி வைக்காமல் கொடுக்க வேண்டும். இதற்கு லீக் தேதி வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. வீரர்களின் ஒப்பந்தங்களை எழுத்துப்படி மதிக்க வேண்டும். தொகையைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சம்மதத்தோடு செய்ய வேண்டும். கிளப்பை மூடவோ விற்கவோ ஊர் மாற்றவோ யோசனை இருந்தால் அதை ரசிகர்களிடம் முன்கூட்டிச் சொல்வோம் என்று பார்த் ஜிந்தால் எழுத்தில் உறுதி தர வேண்டும். அவர் நேரில் வந்து, இந்த ஊரில், ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வெற்றி விழாக்களில் எங்கள் நடுவே நின்று கோப்பையைத் தூக்கியவருக்கு இது பெரிய கஷ்டம் இல்லை.

எங்கள் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிந்தால் குடும்பத்தையோ வேறு யாரையோ தனிப்பட்ட முறையில் ஏசி எழுதுபவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. சம்பளம் கிடைக்காமல் வேறு கிளப்புக்குப் போகும் வீரரைத் துரோகி என்று சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. லீக் எப்போது தொடங்கினாலும் கண்டீரவாவுக்குப் போவோம். காலி இருக்கை வீரர்களைத்தான் தண்டிக்கும். ஆனால் ஊழியர் ஒருவருக்காவது பாக்கி இருந்தால், முதல் பாதி முழுக்க எங்கள் பக்கத்தில் மேளம் ஒலிக்காது, பாட்டு எழாது.

வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு கவுதமபுரம் மைதானத்தில் கண்டனக் கூட்டம். கிளப்பின் நீல ஜெர்சியில் வரவும், கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொள்ளவும். தொழிற்சாலை அணிகளில் ஆடிய பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கும். அவர்களை வீட்டுக்குப் போய்க் கூட்டிவருவது அந்தந்தத் தெரு இளைஞர்களின் பொறுப்பு.

செயற்குழுவுக்காக,
செயலாளர்