‘நோட்டட்’ ஒரு பதில் அல்ல

நிறுவனத் தலைவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது இன்று ஒரு தனித் தொழில். நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு, நடுவில் பஃபே. கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், கதையாகச் சொல்லுங்கள், ‘நான்’ என்பதை ‘நாம்’ ஆக்குங்கள். இதிலெல்லாம் தப்பு ஒன்றும் இல்லை. லைனில் நின்று கத்துகிற மேனேஜரைவிடக் கத்தாத மேனேஜர் மேல்தான். என் சண்டை வேறு. மேலே இருப்பவர்களுக்குச் சரியாகப் பேசத் தெரியாததால்தான் தொழிற்சாலையில் பிரச்சினை வருகிறது என்று இந்த வகுப்புகள் நம்பவைக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தவர்களால் இதை நம்ப முடியாது.

2021 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப்போனது. 250 பேருக்கு மேல் உடம்புக்கு முடியாமல் போனது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்டவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் பெண்கள் திரண்டு வந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வதந்தி பரப்பியதாகக் கைதும் நடந்தது. யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எங்கிருந்தோ வந்த ஒரு ஃபார்வர்டு, சம்பளம் கொடுக்கிற நிர்வாகத்தின் வார்த்தையைவிட அந்தப் பெண்களுக்கு ஏன் நம்பும்படியாக இருந்தது? சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே பிறகு ஒப்புக்கொண்டு, ஃபாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை மறுபடி திறக்க ஜனவரி 12 ஆனது. எவ்வளவு இதமாகப் பேசினாலும் ஊசிப்போன சோறு ஊசிப்போன சோறுதான்.

அடுத்து, 2024. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளக் கோரிக்கை இருந்தது. அதற்கும் முன்னால், சி.ஐ.டி.யு. ஆதரவோடு தாங்கள் தொடங்கிய சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. தொழிலாளர்களோடு நேரடியாகப் பேசத் தயார் என்றது நிர்வாகம். பேசவும் செய்தது: தொழிலாளர் குழு ஒன்றோடு அக்டோபர் 7 அன்று ஒப்பந்தம் போட்டது, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. போராடியவர்கள் ஏற்கவில்லை. போராட்டம் 37 நாள் நடந்தது. சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவானது.

இந்த 37 நாளில் தொடர்பு குறைவு என்று எவராவது சொல்ல முடியுமா? அறிக்கைகள் வந்தன, அமைச்சர்கள் பேசினார்கள், பேச்சுவார்த்தை பல சுற்று நடந்தது. எப்படிப் பேசுவது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. யாரோடு பேசுவது என்பதில்தான் சண்டை. எதிரே உட்காருகிற ஆளை நானே தேர்ந்தெடுப்பேன் என்றால் அதற்குப் பேர் பேச்சுவார்த்தை இல்லை, நேர்காணல்.

‘நல்ல கம்யூனிகேஷன் இருந்தா யூனியனே தேவைப்படாது சார்’ என்பது மனிதவளத் துறையில் பழைய பாட்டு. இதற்கு நம் நாட்டில் பழைய பதிலும் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இரு தரப்பும் உட்கார்ந்து பேச ஒரு பணிக்குழுவுக்கு வழிசெய்தது. அந்தக் குழு சங்கத்துக்கு மாற்று ஆகாது என்று 1960-லேயே நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன வாதத்தைத்தான் இன்று பவர்பாயிண்ட் போட்டு விற்கிறார்கள்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்காகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். தொழிலாளர்கள் குறை சொல்ல அங்கே ஒரு செயலி இருந்தது. ‘நைட் ஷிப்ட் பஸ் லேட்டா வருது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே ‘நோட்டட்’ என்ற ஒரே சொல். புகாரின் நிலை: முடிந்தது. மாதக் கடைசியில் அது ‘தீர்க்கப்பட்ட குறைகள்’ கணக்கில் ஏறியது. பஸ் அதே நேரத்துக்குத்தான் வந்தது. அந்த மேலாளர் மரியாதையானவர், பேச்சும் பழக்கமும் பிரமாதம். பஸ் ஒப்பந்தத்தை மாற்றும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. அவரை எத்தனை வகுப்புக்கு அனுப்பி என்ன?

கேட்கத் தெரியாத நிறுவனங்கள் இல்லை இவை. பல கார்த் தொழிற்சாலைகளில் ‘ஆண்டான்’ என்ற ஏற்பாடு உண்டு, டொயோட்டா பரப்பியது. பாகத்தில் குறை தெரிந்தால் தொழிலாளி கயிறை இழுப்பார், அல்லது பொத்தானை அழுத்துவார். விளக்கு எரியும், லீடர் ஓடிவருவார், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். அங்கே தொழிலாளியின் உடல்மொழியை யாரும் பார்ப்பதில்லை. அவர் சொல்வதை உடனே எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் எடுத்துக்கொள்ளாவிட்டால் காசு போகும். போல்ட் சரியில்லை என்று சொன்னால் சில நொடியில் காது கேட்கிறது. சோறு சரியில்லை என்று சொன்னால் மட்டும் கேட்க ஆலோசகர் வரவேண்டியிருக்கிறதா?

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர் கேட்ட கேள்விக்கு, அது தமிழோ இந்தியோ ஒடியாவோ, அவர் மொழியிலேயே, ‘இந்தத் தேதிக்குள் முடியும்’ அல்லது ‘முடியாது, இன்ன காரணம்’ என்று சொல்லப் பழகட்டும். முடிவெடுக்கிறவர் வேறு யாரோ என்றால், அவரையும் அதே மேசைக்குக் கூட்டிவரட்டும். எதிர் நாற்காலியில் யார் உட்காருவது என்பதைத் தொழிலாளர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.