சாரமற்ற சாரம்!

இங்கிலாந்து நாட்டிலே, சாலிஸ்பரி நகருக்கு அருகே, ஒரு மேடு. பழைய சாரம் என்று பெயர். சாரமோ துளியும் இல்லை! கோட்டை இடிந்தது; கோயில் பெயர்ந்தது; குடிகள் புதுநகர் புகுந்தனர். ஆயினும், பாராளுமன்றத்திலே அந்த மேட்டுக்கு இரண்டு இடங்கள்! 1831இல் வாக்காளர் 11 பேர். ஒருவரேனும் அங்கே குடியிருந்தவரல்லர்.

ஆலைப்புகை சூழ்ந்த மான்செஸ்டரிலோ இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களுக்கென ஓர் உறுப்பினரும் இல்லை. உரிமை கேட்டு 1819இல் அங்கே கூடியோர் மீது குதிரைப்படை பாய்ந்தது, பிணங்கள் வீழ்ந்தன.

மேட்டை விலைக்கு வாங்கியவர் யார்? 1698 முதல் 1709 வரை நமது சென்னைக் கோட்டையிலே கவர்னராக வீற்றிருந்த தாமஸ் பிட்! நிலத்தோடு பாராளுமன்ற இருக்கையும் குடும்பச் சொத்தாயிற்று. பேரன் வில்லியம் பிட், 1735இல் அவ்வழியே சபை புகுந்தார்.

"மேதையைத் தந்த தொகுதியை அழிக்கலாமா?" என்று புலம்பினர் பழமை விரும்பிகள். செந்தாமரை பூத்ததற்காகச் சேற்றை எடுத்துச் சோற்றிலே கலப்பார் உண்டா?

1831இல் பிரபுக்கள் சபை சீர்திருத்த மசோதாவைத் தள்ளியது. மக்கள் கொதித்தெழுந்தனர், மறு ஆண்டு சபை பணிந்தது. பழைய சாரம் உள்ளிட்ட 56 தொகுதிகள் ஒழிந்தன. மான்செஸ்டர் இரண்டு இடங்கள் பெற்றது. எனினும் உழைப்பாளர் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை கிட்டவில்லை. அதற்கெனப் பின்னரும் போராடினர்.

தோழர்களே! தொகுதி என்பது மண்ணன்று, மக்கள். எல்லைக்கோட்டை வரைவது எவர் கை, எவர் நலனுக்காக என்று விழித்திருந்து கேளுங்கள். கேளாதிருப்பின், மக்களுக்குரிய இருக்கை கல்மேட்டுக்குப் போகும்!