பெயர் வேறு, கடை அதே... கேட்க ஆள் இல்லையா?

ஒரு ஹோட்டல் வாசலில் இப்படி ஒரு போர்டைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? ‘இந்த ஹோட்டலின் அமைப்பை முதலில் உருவாக்கியது வேறொரு நிறுவனம். அதை நாங்கள் நியாயமில்லாத முறையில் காப்பியடித்ததாக நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. உங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே இந்த அறிவிப்பு.’

சொந்தக் கடை வாசலில் எந்த முதலாளியும் இதை விரும்பி மாட்ட மாட்டார். ஆனால், இந்த அர்த்தத்தில் ஒரு போர்டு வைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு நீதிமன்றம் உத்தரவே போட்டது. உத்தரவை வாங்கிக் கட்டிக்கொண்டது ‘டூ பெசோஸ்’ என்ற மெக்சிகன் ஹோட்டல் செயின். வழக்குப் போட்டது ‘டாக்கோ கபானா’ என்ற இன்னொரு செயின். ஹோட்டல் நடத்துபவர்கள், நடத்த ஆசைப்படுபவர்கள், குடும்பத்தோடு வெளியில் சாப்பிடப் போகிறவர்கள் என எல்லோருக்கும் அந்த வழக்கில் ஒரு சேதி இருக்கிறது.

ஹூஸ்டனில் முளைத்த இரட்டை

டாக்கோ கபானாவின் முதல் கிளை 1978-ல் சான் அன்டோனியோ நகரில் திறக்கப்பட்டது. 1985-க்குள் அதே ஊரில் ஆறு கிளைகள். பளிச்சென்ற நிறங்கள், சுவர் ஓவியங்கள், அலங்காரக் கைவினைப் பொருட்கள், படிப்படியாக உயரும் கட்டட முகப்பு, அதன் ஓரத்தில் நியான் விளக்குக் கோடுகள், வண்ணத் துணிப் பந்தல், பெரிய குடைகள் என்று ஹோட்டல் பார்க்கவே திருவிழாபோல இருக்கும். திறந்த முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். முற்றத்தின் உட்பகுதியை வெளிப்பகுதியிலிருந்து பிரிக்க, கார் ஷெட்டில் இருப்பதுபோல மேலே ஏறி இறங்கும் கதவு.

1985 டிசம்பரில் ஹூஸ்டன் நகரில் டூ பெசோஸ் திறக்கப்பட்டது. பெயர் வேறு. ஆனால் நிறங்கள், முற்றம், முகப்பு எல்லாம் சேர்ந்து கண்ணுக்குக் கிடைத்த தோற்றம் கிட்டத்தட்ட அதே. கடை வேகமாக வளர்ந்தது. மறு ஆண்டு டாக்கோ கபானா ஹூஸ்டனுக்கு வந்தபோது, அதன் இரட்டைப் பிறவி ஏற்கெனவே அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சான் அன்டோனியோவையே பார்க்காத ஹூஸ்டன்காரருக்கு எது அசல், எது நகல்? அவர் முதலில் பார்த்தது டூ பெசோஸை. ஆக, உழைத்து உருவாக்கியவர் அந்த ஊருக்குப் போகும்போது, ‘அவங்களைப் பார்த்து இவங்களும் ஆரம்பிச்சுட்டாங்க’ என்ற பேச்சு அவர் தலையில்தான் விழும். கல்லாவில் விழாத காசு ஒரு நஷ்டம் என்றால், இது அதைவிடப் பெரிய நஷ்டம்.

‘பிரபலம் ஆகாத கடைக்கு உரிமை உண்டா?’

1987-ல் டாக்கோ கபானா வழக்குத் தொடர்ந்தது. ஜூரிகள் இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னார்கள். ஒன்று, டாக்கோ கபானாவின் தோற்றம் இயல்பிலேயே தனித்துவமானது. அதைப் பார்த்து மக்கள் குழம்ப வாய்ப்பு இருக்கிறது. இரண்டு, டெக்சாஸ் சந்தையில் ‘இந்தத் தோற்றம் என்றாலே அந்தக் கடைதான்’ என்று மக்கள் மனதில் பதியும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை. டூ பெசோஸ் தெரிந்தே, திட்டமிட்டே இதைச் செய்தது என்று நீதிபதியும் முடிவுக்கு வந்தார். இழப்பீடு இரட்டிப்பாக்கப்பட்டது.

டூ பெசோஸ் விடவில்லை. ‘மக்கள் மனதில் இன்னும் பதியவே இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எப்படி எங்கள் மேல் குற்றம்?’ என்று உச்ச நீதிமன்றம்வரை போனது. கேள்வி என்னவோ நியாயமானதாகத்தான் தெரிகிறது.

1992 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோற்றம் இயல்பிலேயே தனித்துவமாக இருந்தால் போதும். ஊர் முழுக்கப் பிரபலமாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றது. நீதிபதி பைரன் வைட் சொன்ன காரணம் முக்கியமானது. பிரபலமான பிறகுதான் பாதுகாப்பு என்றால், சொந்தமாக எதையும் யோசிக்காத ஒருவர் அந்தத் தோற்றத்தை வேறு ஊருக்கு எடுத்துப்போய், அசலுக்குச் சொந்தக்காரர் அங்கே வரமுடியாதபடி வழியை அடைத்துவிடலாம். இப்படி அடிபடுபவர்கள் பெரும்பாலும் இப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும் சிறிய நிறுவனங்கள்.

கதையின் முடிவு சினிமாவில் வருவதுபோல இருக்கும். அடுத்த ஆண்டு, 1993-ல், டூ பெசோஸையே டாக்கோ கபானா விலைக்கு வாங்கிவிட்டது.

இருக்கை கூடாது, தட்டு பரவாயில்லை!

‘அப்படியானால் யாரும் யாரைப் பார்த்தும் கற்றுக்கொள்ளக்கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். வாழையிலையில் சாப்பாடு போடுவதும், கண்ணெதிரே தோசை சுடுவதும், மாலையில் பஜ்ஜி போடுவதும் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. கடை நடத்தத் தேவையான வசதிகளை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளாது. தொழில் முறை பொது. ‘இது இன்னாருடைய கடை’ என்று காட்டும் அடையாளம்தான் தனி.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை ஜப்பான் வழக்கு ஒன்று அழகாகக் காட்டுகிறது. நகோயா நகரில் 1968-ல் தொடங்கிய ‘கொமேடா காபி’ அங்கே ரொம்பப் பிரபலம். வீடு போன்ற முகப்பு, செங்கல், மரவேலைப்பாடு, தடுப்பு வைத்துப் பிரித்த சிவப்பு மெத்தை இருக்கைகள் அதன் அடையாளம். வாகயாமா பகுதியில் ‘மசாகி காபி’ என்ற கடை கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் திறக்கப்பட்டது. கொமேடா வழக்குப் போட்டது. 2016 டிசம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அந்த முகப்பையும் உள் அமைப்பையும் பயன்படுத்தக்கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது.

ஆனால், ‘எங்கள் பலகாரத்தையும் அதைப் பரிமாறும் பாத்திரத்தையும்கூட அப்படியே காப்பியடிக்கிறார்கள்’ என்று கொமேடா கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. கடையின் முகம் அதற்குச் சொந்தம். தட்டில் வைக்கும் பண்டத்தை அந்த அளவுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது.

நம் ஊரில் என்ன சட்டம்?

இந்தியாவில் இதற்கு 1999-ம் ஆண்டின் டிரேட் மார்க் சட்டம் இருக்கிறது. பெயர், லோகோ மட்டுமல்ல. பேக்கிங், நிறங்களின் சேர்க்கை ஆகியவையும் இந்தச் சட்டத்தின்படி ‘மார்க்’ என்ற வரையறைக்குள் வரும்.

‘நான் பெயரைப் பதிவு செய்யவே இல்லையே’ என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘பாஸிங் ஆஃப்’ என்று இதற்குப் பெயர். தன் சரக்கை அடுத்தவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பது. இதில் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். உங்கள் கடைக்கு மக்களிடம் நல்ல பெயர் இருக்கிறது. எதிராளியின் செயலால் மக்கள் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. அதனால் உங்களுக்கு நஷ்டம். பதிவு செய்திருந்தால் இவ்வளவு சிரமம் இல்லை. பதிவுச் சான்றிதழே பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக நீதிமன்றம் ஒப்பிடுவதில்லை. சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒருவர் குழம்புவாரா என்றுதான் பார்க்கும். ‘அமிர்ததாரா’, ‘லட்சுமண்தாரா’ என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் பற்றிய வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1962-லேயே இந்த அளவுகோலைச் சொல்லிவிட்டது. அண்மையில், 2023-ல், ‘டொமினோஸ்’ தொடர்ந்த வழக்கில் ‘டொமினிக் பீட்சா’ என்ற பெயருக்கு தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

அமிர்ததாரா வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. பெயர்கள் குழப்பம் தரும் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் லட்சுமண்தாரா தொடரலாம் என்றது. எதிராளி பல காலம் விற்றுக்கொண்டிருந்தபோது தெரிந்தும் கேட்காமல் இருந்ததுதான் காரணம். ‘போகட்டும், நமக்கு எதுக்கு வம்பு’ என்று விட்டுவிடும் நல்ல மனசுக்கு, சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது.

கடைக்காரர்கள் கவனத்துக்கு...

முதலில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஹோட்டல், மெஸ், கேட்டரிங் எல்லாம் 43-வது வகுப்பில் வரும். 2017-ம் ஆண்டு விதிகளின்படி, தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

பெயர் வைப்பதற்கு முன்பு, அதே பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று டிரேட் மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். போர்டு, மெனு கார்டு, பார்சல் பை எல்லாம் அச்சடித்த பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் செலவு பல மடங்கு.

வெறும் ஊர்ப் பெயர், பண்டத்தின் பெயர் போன்ற பொதுச் சொற்களை ஒருவர் மட்டும் சொந்தமாக்கிக்கொள்வது கடினம். உங்கள் சொந்தப் பெயரில் நேர்மையாகத் தொழில் செய்யும் உரிமையையும் சட்டம் காப்பாற்றுகிறது. நேர்மையாக என்பதை அடிக்கோடு போட்டு வாசியுங்கள். உங்கள் பெயர் ஒரு பிரபல ஹோட்டலின் பெயராகவும் இருந்து, எழுத்து வடிவம், நிறம், லோகோவையும் அதேபோல வைத்தால், ‘என் பேரு சார்’ என்ற வாதம் எடுபடாது.

கடையின் பழைய போட்டோக்கள், முதல் பில் புத்தகம், விளம்பர நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். யார் முதலில் என்று நிரூபிக்க வேண்டிய நாளில் இவைதான் சாட்சி. நகல் கண்ணில் பட்டால், சண்டைக்குப் போகாமல், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு உடனே வக்கீலைப் பாருங்கள்.

சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு...

நகல் கடையில் சாப்பிட்டு வயிறு கெட்டால், நாம் திட்டுவது அசல் கடையை. வீட்டில், ஆபீஸில், வாட்ஸ்அப் குழுவில் நாலு பேரிடம் சொல்வதும் அந்தப் பெயரைத்தான். அதனால் புகார் சொல்வதற்கு முன்பு பில்லை ஒருமுறை பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது விதி. அதை வைத்து, உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். டெலிவரி ஆப்பில் ஆர்டர் செய்யும்போது கடையின் பெயரோடு முகவரியையும் பார்த்துவிடுங்கள்.

போட்டியால் நமக்கு லாபம்தான். பக்கத்துக் கடையைவிட ருசியாக, சுத்தமாக, மலிவாகக் கொடுத்து ஒருவர் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தால் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்தவர் பத்து, இருபது வருஷம் வெந்நீரிலும் அடுப்பிலும் நின்று சம்பாதித்த பெயரை, ஒரு பெயின்டரை வைத்து ஒரே நாளில் எழுதிக்கொள்வது போட்டியில் சேராது. அந்த வித்தியாசம் தெரிந்த கஸ்டமர்கள் அதிகமானால், பாதி வழக்குகளுக்குத் தேவையே இருக்காது.