கறுத்த திரையும் கடைக்காரரும்



விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவையும் நிறுவுவது பற்றிய கட்டுரை படித்தேன். நிறுவி முடித்ததும் பலரை விரட்டியடிக்கிற கறுப்புத் திரையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

என் மடிக்கணினியில் அதுதான் நடந்தது. கடைக்காரர், "டிஸ்ப்ளே போச்சு சார், மாத்தணும்" என்றார். விண்டோஸில் பளிச்சென்று எரிகிற திரை உபுண்டுவில் மட்டும் எப்படிப் போகும்? கோளாறு பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில்தான். என்விடியா கிராபிக்ஸ் அட்டைக்கு உபுண்டு முதலில் எடுத்துக்கொள்வது நூவோ என்ற திறமூல டிரைவரை. என்விடியா விவரம் தந்து ஒத்துழைக்காததால், அட்டையின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து ஊகித்து எழுதப்பட்டது அது. (2012இல் பின்லாந்து மேடையில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைத் திட்டியது இந்த ஒத்துழையாமைக்காகத்தான்.)

இதற்கு வழி உண்டு: கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் உபுண்டு மீது நின்று 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து, எஃப்10 தட்டினால் பெரும்பாலும் திரை வந்துவிடும். எழுத்தெல்லாம் பெருத்துத் தெரியலாம்; பரவாயில்லை. ஆனால் இது அந்த ஒரு தடவைக்குத்தான். உள்ளே போனதும் 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியில் என்விடியாவின் சொந்த டிரைவரை நிறுவ வேண்டும். செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பு இயங்கினால் அப்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லலாம். அடுத்த துவக்கத்தில் வரும் நீலத் திரையில் அதையே தராவிட்டால் டிரைவர் ஏறாது. அந்தத் திரையை அவசரமாகக் கடந்துவிட்டு இரண்டு நாள் முழித்தேன்.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்