ஐந்தரை மணி நேரப் பயணமும் மீகாத் எல்லையும்

உம்ராவுக்குப் புறப்படவிருந்த எங்கள் பெண்ணாடத்துப் பெரியவர் ஒருவர், "சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம் ஹழ்ரத்?" என்று வினவினார். நேர் விமானமாயின் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் என்றேன். "அப்படியானால் இறங்கியதும் குளித்து இஹ்ராம் கட்டிக்கொள்கிறேன். துணியைப் பெரிய பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டேன்" என்றார்.

பிழை அவருடையதன்று, நம் ஹஜ், உம்ரா வகுப்புகளுடையது. இஹ்ராம் துணியை எப்படி உடுத்துவது என்பதற்கு ஒரு மணி நேரம் செலவிடுகிறோம். அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிய்யத்தாக்குவது என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம்.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். விமானம் அரபிக் கடலைத் தாண்டி, அரபு நிலப்பரப்பின் மேலாகக் கிழக்கிலிருந்து ஜித்தாவை அடைகிறது. அவ்வாறு வரும்போது, நபி (ஸல்) அவர்கள் நஜ்துவாசிகளுக்கு நிர்ணயித்த கர்னுல் மனாஸிலையோ அதற்கு நேரான பகுதியையோ கடக்கிறது. ஒட்டகத்தில் வந்தோர் அங்கே இறங்கிக் குளித்து, தொழுது, இஹ்ராம் கட்டினர். நமக்கோ அந்த எல்லை, தரையிறங்க ஏறத்தாழ அரை மணி நேரம் இருக்கையில், சில நொடிகளில் காலுக்கடியில் கழிந்துவிடுகிறது. பெரும்பாலோர் அப்போது உறக்கத்தில் இருப்பர்.

"வானத்தில் மீகாத் ஏது?" என்று கேட்போர் உண்டு. கர்ன் எங்கள் வழியில் இல்லை என்று கூஃபா, பஸராவாசிகள் முறையிட்டபோது, உங்கள் பாதையில் அதற்கு நேரான இடத்தைப் பாருங்கள் என்று கூறி, உமர் (ரழி) அவர்கள் தாத்து இர்க்கை வரையறுத்ததைப் புகாரி பதிவு செய்துள்ளது. கப்பலில் சென்ற நம் முன்னோரும் யலம்லமுக்கு நேராக வந்தபோது இவ்வாறே இஹ்ராம் கட்டினர். ஜித்தாவிலேயே கட்டலாம் என்று கருதிய அறிஞர்கள் சிலர் இருக்கவே செய்கிறார்கள். ஆயினும் 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, விமானப் பயணிக்கும் மீகாத் பொருந்தும் என்றே தீர்மானித்தது. நானும் அதையே பேணுதலான வழியாகக் கருதுகிறேன். இஹ்ராமின்றி எல்லையைக் கடந்தவர் மீகாத்துக்குத் திரும்பிச் சென்று கட்ட வேண்டும். இல்லையேல் ஓர் ஆட்டைப் பலியிட வேண்டும். கடன் வாங்கி உம்ரா செல்லும் ஏழைக்கு இது சிறு சுமையா?

சில விமானங்களில் மீகாத் அறிவிப்பு வரும், சிலவற்றில் வராது. வளைகுடா நகரொன்றில் விமானம் மாறுவோருக்கு இரண்டாவது பயணத்தில்தான் எல்லை குறுக்கிடும். நேரே மதீனா செல்வோருக்கோ அவசரமே இல்லை. மக்காவுக்குப் புறப்படும் நாளில் துல்ஹுலைஃபாவில் கட்டினால் போதும்.

ஆடை வேறு, நிய்யத் வேறு. துணியை வீட்டிலேயோ விமான நிலையத்திலேயோ உடுத்திக்கொள்ளலாம். நிய்யத்தைப் பிந்தி வைக்கலாம், ஆனால் எல்லைக்கு முந்தி வைத்தாக வேண்டும். பெண்களுக்குத் தனி ஆடை இல்லாததால், நிய்யத்தையே மறந்துவிடும் அபாயம் அவர்களுக்கு அதிகம்.

பெரியவர் துணியைக் கைப்பைக்கு மாற்றிக்கொண்டார். "சவூதி நேரம் இரண்டரை மணி பின்னால் என்கிறார்களே, எதைப் பார்ப்பது?" என்றார். கடிகாரத்தை மாற்றாதீர்கள், விமானம் மேலெழுந்து நான்கரை மணி நேரம் ஆனதும் நிய்யத் வைத்துத் தல்பியாவைத் தொடங்குங்கள் என்றேன். பயணச்சீட்டின் பின்புறத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.