துப்பாக்கி தொடாத சோல்ஜர்!

தூங்கப் போறதுக்கு முன்னாடி முட்டி போட்டு ஜெபம் பண்ற ஃப்ரெண்ட் யாராச்சும் உங்க ஹாஸ்டல் ரூம்ல இருக்காங்களா? எங்க ரூம்ல ஒருத்தன் இருக்கான். ஃபர்ஸ்ட் இயர்ல அவனை நாங்க ஓட்டாத நாளே இல்லை. "மச்சி, அப்படியே என் அரியரையும் ஜெபத்துல சேர்த்துக்கோ!" இதுதான் என் டெய்லி டயலாக்.

இந்த வார ஹீரோவும் அவனை மாதிரி ஆள்தான். என்ன... இவரை ஓட்டினது அமெரிக்க ராணுவம். ஜெபம் பண்ணும்போது இவர் மேல பறந்து வந்தது டயலாக் இல்லை, ஷூ!

பேர் டெஸ்மண்ட் டாஸ். 1919-ல வர்ஜீனியாவில் பிறந்தவர். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்காரர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தார். நினைச்சிருந்தா அந்த வேலையைக் காட்டியே ராணுவத்துக்குப் போகாம தப்பிச்சிருக்கலாம். ஆனா, 1942-ல் சேர்ந்தார். 'கொல்லக் கூடாதுங்கிறது கடவுள் கட்டளை, அதனால துப்பாக்கியைத் தொட மாட்டேன். காயம்பட்டவங்களைக் காப்பாத்துற மெடிக்கா வர்றேன். சனிக்கிழமை ஓய்வு நாள்' - இதுதான் அவர் நிலைப்பாடு.

கேம்ப்பே கடுப்பாகிடுச்சு. மனநிலை சரியில்லைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தாங்க. மனுஷன் நகரலை. கூட இருந்தவங்க கோபத்திலும் நியாயம் இருக்கே பாஸ்! 'குண்டு பாயுற இடத்துல, துப்பாக்கி இல்லாத ஒருத்தனை நம்பி நான் எப்படி நிக்கிறது?'

பதில் 1945-ல், ஜப்பானின் ஒகினாவா தீவில் கிடைச்சது. மலை உச்சியில் பயங்கர தாக்குதல். படை கீழே இறங்கிடுச்சு. காயம்பட்டவங்க மேலேயே கிடக்கிறாங்க. அன்னிக்கு சனிக்கிழமை! ஆனா, இயேசுவே ஓய்வு நாளில் நோயாளிகளைக் குணமாக்கினவர்தானேன்னு டாஸ் கணக்கில் அது தப்பாத் தெரியலை. ஒவ்வொருத்தரா விளிம்பு வரைக்கும் இழுத்துட்டு வந்து, கயிற்றில் கட்டி கீழே இறக்கினார். ட்ரெயினிங்ல கத்துக்கிட்ட ரெட்டை வளைய முடிச்சு, ஒரு காலுக்கு ஒரு வளையம். அது அன்னிக்குக் கைகொடுத்தது. ஐம்பது பேர் இருக்கும்னார் டாஸ். நூறு பேர்னு சொன்னாங்க மத்தவங்க. கடைசியில் எழுபத்தைந்துன்னு பதிவாச்சு!

அதே மாசம் அவரே குண்டடிபட்டுக் கிடந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தப்போ, தன்னைவிட மோசமா அடிபட்ட ஒருத்தரைக் காட்டி, தான் இறங்கிக்கிட்டார். அப்புறம் கையிலும் ஒரு குண்டு. உடைஞ்ச எலும்புக்கு முட்டுக்கொடுக்க எதை வெச்சுக் கட்டினார் தெரியுமா? துப்பாக்கிக் கட்டையை! துப்பாக்கி அவருக்குப் பயன்பட்டது அப்படித்தான்.

அந்தக் களேபரத்தில் அவரோட பாக்கெட் பைபிள் தொலைஞ்சுபோச்சு. அதைப் போர்க்களத்தில் தேடிக் கண்டுபிடிச்சு அனுப்பினது யாருன்னு நினைக்கிறீங்க? அதே படைக்காரங்க!

1945 அக்டோபரில் அதிபர் ட்ரூமன் அவருக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' கொடுத்தார். 2006-ல் காலமானார். 2016-ல் வந்த 'ஹேக்ஸா ரிட்ஜ்' படம் இவர் கதைதான்.

எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். நம்பிக்கையைக் காரணம் காட்டி சிலர் கஷ்டத்திலிருந்து கழண்டுக்குவாங்க. டாஸ் துப்பாக்கியிலிருந்து மட்டும்தான் விலக்கு கேட்டார், ஆபத்திலிருந்து கேட்கலை. தன் நம்பிக்கைக்கான பில்லை அடுத்தவன் தலையில் கட்டாம, தானே கட்டினார். அதனாலதான் ஷூ எறிஞ்ச கூட்டம் பைபிளைத் தேடிப் போச்சு.

நேத்து ராத்திரி ரூம்மேட் முட்டி போட்டப்போ, ஸ்பீக்கரை ஆஃப் பண்ணினேன். "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டான். "சும்மாதான்"னு சொல்லிட்டேன். நேரா ஸாரி கேட்க இன்னும் தைரியம் வரலை பாஸ். எப்படியும் இதைப் படிப்பான்ல!